தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது: ரால்ஃப் மில்லார்டின் உதட்டுப் பிளவு அறுவை – ஒரு நிகழ்வு ஆய்வு

போர் ஓய்ந்த கொரியாவில் 1954-55இல் அமெரிக்க மரைன் படையின் பிளாஸ்டிக் சர்ஜனாக இருந்தவர் டி. ரால்ஃப் மில்லார்ட். உதட்டுப் பிளவோடு பிறந்து, தைக்கப்படாமலே வளர்ந்த பிள்ளைகளை அவர் அங்கே பார்த்தார். அவர்களின் படங்களைக் கூடாரத்தில் மாட்டிவைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. மேலுதட்டின் நடுவில் வில்போல் வளைகிற அந்தக் கோடு பிளவில் தொலைந்துபோகவில்லை. அதன் பெரும்பகுதி, பிளவின் உள்பக்கத் துண்டில், மூக்கை நோக்கி இழுபட்டுச் சாய்ந்தபடி இருந்தது.

அந்தப் பார்வையிலிருந்து பிறந்த அறுவைமுறையை, அதன் பிற்காலத் திருத்தங்களோடு, இன்றும் உலகின் பல பிளவு மையங்களில் செய்கிறார்கள். அதே மில்லார்ட் பிற்காலத்தில் எடுத்த இன்னொரு முடிவு, ஈறுகளைப் பிறந்த சில வாரங்களிலேயே இழுத்துச் சேர்ப்பது, அவர் எதிர்பார்த்தபடி நிற்கவில்லை. இரண்டுக்கும் தீர்ப்பு சொன்னது பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த பிள்ளையின் முகம்தான். குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் சர்ஜரியைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல வேறொன்றும் உதவாது என்பது நம் கருத்து.

பின்னணி

மில்லார்ட் 1919இல் செயின்ட் லூயிஸில் பிறந்தவர். யேலில் படித்து, ஹார்வர்டில் மருத்துவம் முடித்தார். 1940களின் இறுதியில் இங்கிலாந்து போய், முதல் உலகப் போரில் சிதைந்த முகங்களைச் சீரமைத்த சர் ஹரோல்ட் கில்லிஸிடம் பயின்றார். கில்லிஸிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடம் எளிமையானது: இயல்பான திசுவை அதன் இயல்பான இடத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்து, குறை எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு அளந்து பார். பின்னர் மயாமி பல்கலைக்கழகத்தில் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவின் தலைவராக நீண்ட காலம் இருந்தார். பிளவு அறுவை பற்றி 1976 முதல் 1980 வரை மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். 2011இல் மயாமியில் காலமானார்.

கொரியாவில் அவர் செய்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேட்டு வந்த பெரியவர்களின் கண்ணிமையில் மடிப்பு உண்டாக்கும் அறுவையும் அவர் செய்தார். அந்த முகங்களை மேற்கத்திய முகங்களாக்குவதுபோலவே அதைப் பற்றி எழுதினார். அந்த எழுத்து இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகிறது. அது நியாயமான விமர்சனம். பிளந்த உதட்டில் அந்தக் குழந்தைக்கே உரிய இயல்பைத் தேடிய கண், குறையில்லாத இமையில் அதைத் தேடவில்லை.

அதுவரை என்ன செய்தார்கள்

உதட்டுப் பிளவும் அன்னப் பிளவும் (வாயின் மேற்கூரை பிளந்திருப்பது) சேர்த்து, உலக அளவில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் வருகிறது. ஒருபக்கப் பிளவில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட இருமடங்கு. உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளிடம் அதிகம். அன்னத்தில் மட்டும் பிளவு இருப்பது பெண் குழந்தைகளிடம் அதிகம். கருவின் 4 முதல் 7 வாரங்களுக்குள் மூக்கின் நடுத்துண்டும் மேல்தாடைத் துண்டும் இணைந்து உதடாக வேண்டும். இணையாவிட்டால் உதட்டோடு ஈறும் பிளக்கலாம்; அன்னம் மூடிக்கொள்ள 12 வாரம் வரை ஆகும். நம் ஊரில் இன்றும் கிரகணத்தன்று வெளியே வந்ததாகத் தாயைக் குறை சொல்கிறார்கள். இந்த வாரக் கணக்கை முதல் நாளே மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து விளக்கினால், பாதி வைத்தியம் அங்கேயே நடந்துவிடும்.

விளிம்பைச் சீவி நேர்கோட்டில் தைப்பதே பழைய முறை. நேர்கோட்டுத் தழும்பு ஆறும்போது நீளவாக்கில் சுருங்கும். உதடு தூக்கிக்கொண்டு நிற்கும். இதைத் தவிர்க்க லெ மெஸ்யூரியர் என்ற சர்ஜன் 1949இல் வெளிப்பக்க உதட்டிலிருந்து ஒரு நாற்கரத் துண்டை உள்ளே செருகினார். டெனிசன் 1952இல் முக்கோணத் துண்டைச் செருகினார். இரண்டிலும் உயரம் கிடைத்தது. ஆனால் செருகிய துண்டு உதட்டின் கீழ்ப்பகுதியில், எல்லோர் கண்ணும் முதலில் படுகிற இடத்தில், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஓடும் மூக்கடிப் பள்ளத்தைக் குறுக்கே வெட்டியது. லெ மெஸ்யூரியர் முறையில் வில்வளைவே செயற்கையாக உருவானது.

மில்லார்ட் வெட்டை மேலே கொண்டுபோனார். தொங்கவேண்டிய துண்டை மூக்கடியில் விடுவித்துக் கீழே சுழற்றினால் வில் தானாக மட்டத்துக்கு வரும். அப்போது மூக்கடியில் ஒரு முக்கோண இடைவெளி திறக்கும். வெளிப்பக்க உதட்டை முன்னே நகர்த்தி அதை அடைக்கலாம். தழும்பு மூக்கடியின் நிழலிலும், மூக்கடிப் பள்ளத்தின் கரைக்கோட்டிலும் ஒளிந்துகொள்ளும். 'சுழற்றி-நகர்த்தும் முறை' என்ற பெயர் இதனால்தான். 1955இல் ஸ்டாக்ஹோமில் நடந்த பிளாஸ்டிக் சர்ஜன்களின் முதல் பன்னாட்டு மாநாட்டில் இதை அவர் முன்வைத்தார்.

அறுவைக்கு முந்தைய மூன்று மாதம்

எடுத்துக்காட்டாக, இடப்பக்க முழுப் பிளவு: உதடு, ஈறு, அன்னம் மூன்றும் திறந்திருக்கிறது. குழந்தை சப்ப முயலும், ஆனால் வாயில் உறிஞ்சும் அழுத்தம் பிறக்காது. உதடு மட்டும் பிளந்த குழந்தை தாய்ப்பாலைப் பெரும்பாலும் நேரடியாகவே குடித்துவிடும். அன்னமும் பிளந்திருந்தால் குடிக்க முடியாது. பாலைப் பீய்ச்சி எடுத்து, பிழியக்கூடிய பாட்டிலிலோ பாலாடையிலோ கொடுக்க வேண்டும். குழந்தையை 45 பாகைக்கு மேல் நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிளவு இல்லாத பக்கக் கன்னத்தருகே வைத்து, விழுங்கும் வேகத்துக்குச் சாய்க்க வேண்டும். காற்று நிறைய உள்ளே போகும், அதனால் இரண்டு மூன்று முறை ஏப்பம் விடவைக்க வேண்டும். ஒருவேளைப் பால் 30 நிமிடத்தைத் தாண்டினால், குடிப்பதற்கே நிறையச் சக்தி செலவாகிவிடும். மூக்கு வழியாகக் கொஞ்சம் பால் வருவது இந்தக் குழந்தைகளுக்குச் சகஜம். இருமி நீலம் பாரித்தால் அது வேறு விஷயம்; உடனே காட்ட வேண்டும்.

நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏறவேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், துணியில்லாமல் எடை பார்த்தால்தான் இது தெரியும். உதட்டறுவை தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் எடை ஏறாததுதான். அதற்குப் பின்னால் இருப்பது யாரும் பால் கொடுக்கச் சொல்லித்தராத முதல் பத்து நாள்.

அறுவைக்கு நாள் குறிக்கப் 'பத்துகள்' என்ற பழைய விதி இன்றும் புழக்கத்தில் உண்டு: 10 வாரம், 10 பவுண்டு (சுமார் 4.5 கிலோ), 10 கிராம் ஹீமோகுளோபின். மயக்க மருந்தின் ஆபத்தைக் குறைக்க வந்த விதி இது; அழகோடு இதற்குத் தொடர்பில்லை. அதோடு இதயத்தையும் கேட்டுப் பார்க்க வேண்டும், தாடை சிறிதா, வேறு உறுப்பில் குறை உண்டா என்று தேட வேண்டும். கீழுதட்டில் இரண்டு சிறு குழிகள் இருந்தால் பரம்பரையில் வரும் வான் டெர் வூடே குறைபாட்டை நினைக்க வேண்டும். பெற்றோரின் கீழுதட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிளவு அகலமாக இருந்தால், 1990களில் நியூயார்க்கில் கிரேசன் உருவாக்கிய அச்சுத் தட்டு முறை உதவும். முதல் சில வாரங்களுக்குள் வாயின் அச்செடுத்து அக்ரிலிக் தட்டு செய்து, உதட்டை டேப்பால் இழுத்து ஒட்டுவார்கள். வாரம் ஒருமுறை தட்டின் உள்பக்கத்தை ஒரு மில்லிமீட்டர் அளவில் சீவியும் சேர்த்தும் ஈறை நெருக்குவார்கள். ஈறு இடைவெளி 5 மி.மீ.க்குள் வந்த பிறகே மூக்குத் தாங்கியைச் சேர்க்க வேண்டும்; முன்னதாகச் சேர்த்தால் மூக்குத் துளை அகன்றுவிடும். இதற்குப் பன்னிரண்டு பதினைந்து முறை மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். தூரத்துக் கிராமத்தில் தினக்கூலிக்குப் போகிற பெற்றோரிடம் இதைத் திணிக்கக் கூடாது. டேப் மட்டும் ஒட்டியும் நல்ல உதடு தைக்கலாம்.

அறுவைத் தியேட்டரில்

தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பும், டப்பாப் பாலை 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும். மூச்சுக்குழாய்க் குழலைக் கீழுதட்டின் நடுவில், தாடையை நோக்கி ஒட்ட வேண்டும். குழல் ஒரு மூலைக்கு இழுத்தால் உதடு சாய்ந்து எல்லா அளவும் பிசகும். தொண்டையில் வைக்கும் துணிச்சுருளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். கடைசியில் அதை எடுத்து, எடுத்ததாக உரக்கச் சொன்ன பிறகே குழலை உருவ வேண்டும். 5 கிலோ குழந்தையின் மொத்த ரத்தம் 400 மி.லி. அளவுதான். உதட்டறுவையில் இழப்பு சிறியது என்றாலும் 40 மி.லி. போனால் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

ஊசி போடுவதற்கு முன்பே புள்ளிகளைக் குறிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து ஏறியதும் உதடு வீங்கி எல்லாக் கோடும் மங்கிவிடும். மெல்லிய ஊசிமுனையை மெத்திலீன் நீலத்தில் தொட்டுத் தோலில் பதிப்பது வழக்கம். வில்லின் அடிப்புள்ளி 1. நல்ல பக்கத்து உச்சி 2. 1க்கும் 2க்கும் இடையே உள்ள தூரத்தையே பிளவுப் பக்கம் அளந்தால் 3 கிடைக்கும். மூன்று மாதக் குழந்தையில் அந்தத் தூரம் 2 முதல் 4 மி.மீ. வரைதான். வெளிப்பக்க உதட்டில், தோலையும் சிவப்பையும் பிரிக்கும் வெள்ளை வரம்பு மெலிந்து மறையத் தொடங்கும் இடம் 4. தைவானில் பல ஆயிரம் பிளவுகளைத் தைத்த நூர்தாஃப் இந்த நாலாம் புள்ளிக்கு அழுத்தம் கொடுத்தார். அதைத் தாண்டி உள்ளே போனால் கிடைப்பது மெலிந்த, தரம் குறைந்த உதடு. உதட்டு நீளத்தை மிச்சப்படுத்தும் ஆசையில் அதைச் சேர்த்துத் தைத்தால், ஈரச் சிவப்பு வெளியே தெரிந்து காய்ந்து உரியும்.

0.5 சதவீத லிடோகெயினோடு 2 லட்சத்தில் 1 பங்கு அட்ரினலின் கலந்து ஊசி போட வேண்டும். அட்ரினலினோடு லிடோகெயின் கிலோவுக்கு 7 மி.கி. வரை, 5 கிலோவுக்கு 35 மி.கி., அதாவது 7 மி.லி. உச்சம். உண்மையில் 1 முதல் 2 மி.லி. போதும். பிறகு குறைந்தது 7 நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

3ஆம் புள்ளியிலிருந்து சுழற்சி வெட்டு மேலே வளைந்து, மூக்குத் துளைகளுக்கு நடுவே உள்ள தூணின் அடி வரை போகும். நல்ல பக்கத்தில் உதட்டுயரம் 10 மி.மீ., பிளவுப் பக்கத்தில் 6 மி.மீ. என்று வந்தால் 4 மி.மீ. இறங்க வேண்டும். தோலோடு தசையையும் மூக்கடியிலிருந்து விடுவித்து, 3இல் ஒரு கொக்கியைப் போட்டு மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். வில் மட்டத்துக்கு வராவிட்டால், வெட்டின் மேல்முனையிலிருந்து 2 மி.மீ. பின்வெட்டு. அப்போதும் வராவிட்டால் இன்னும் அரை மில்லிமீட்டர். நல்ல பக்கத்துக் கரைக்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்தப் பக்கமும் நீண்டு, இரண்டு பக்கமும் தொங்கும். 'வெட்டிக்கொண்டே பார், பார்த்துக்கொண்டே வெட்டு' என்ற இந்தப் போக்குதான் மில்லார்ட் முறையின் பலமும் பலவீனமும். டெனிசன் முறையில் அளவு முன்கூட்டியே வரையப்படும், புதியவரும் அதைப் பின்பற்றலாம். மில்லார்ட் முறையில் கை பழக வேண்டும். பழகும் வரை தைக்கப்படும் உதடுகள் குட்டையாக இருக்கும் அபாயம் உண்டு, அதனால் மூத்தவர் எதிரில் நிற்காமல் யாருக்கும் இதைக் கொடுக்கக் கூடாது.

தூணடியில் மிஞ்சும் சிறு தோல் துண்டைத் தூணை நீட்டவும் பயன்படுத்தலாம், மூக்குத் துளையின் வாசற்படி கட்டவும் பயன்படுத்தலாம். மில்லார்ட் இதன் இடத்தைப் பல தடவை மாற்றினார். தன் முறையைத் தானே திருத்திக்கொண்டே போனவர் அவர்.

அடுத்து தசை. வாயைச் சுற்றி வளையமாக ஓடவேண்டிய தசை, பிளவில் மேல்நோக்கித் திரும்பியிருக்கும். உள்பக்கத்தில் தூணடியிலும், வெளிப்பக்கத்தில் மூக்கு மடலடியிலும் தப்பாக ஒட்டியிருக்கும். குழந்தை அழும்போது மடலுக்குக் கீழே ஒரு மேடு புடைப்பது இதனால்தான். தோலிலிருந்து தசையை உள்பக்கம் 1-2 மி.மீ., வெளிப்பக்கம் இன்னும் சற்று அதிகம் பிரித்து, தப்பான ஒட்டை அறுத்து, கிடைமட்டமாகத் திருப்ப வேண்டும். முதல் தையல் மடலடித் தசையை மூக்கு முள்ளெலும்பருகே கட்டுவது. பிறகு தானாகக் கரையும் விக்ரில் நூலில் (4-0 அல்லது 5-0 தடிமன்) தசையை மேலிருந்து கீழாக மூன்று நான்கு தையல். தசை சேர்ந்த பிறகு தோல் விளிம்புகள் இழுக்காமலே முத்தமிட்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தோல் தையலை இறுக்கிச் சரிசெய்ய முயலக் கூடாது, திரும்பிப் போய்த் தசையை இன்னும் விடுவிக்க வேண்டும்.

தோலில் முதலில் போடவேண்டிய தையல் வெள்ளை வரம்பில், 6-0 அல்லது 7-0. அங்கே ஒரு மில்லிமீட்டர் படி விழுந்தால் எதிரே நின்று பேசுகிறவர் கண்ணில் பட்டுவிடும். கன்னத்துத் தழும்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் அவ்வளவு உறுத்தாது. இந்த ஒரு தையலை மூன்று தடவை அவிழ்த்துப் போட்டாலும் பரவாயில்லை. கூடவே மூக்கு மடல் குருத்தெலும்பைத் தோலிலிருந்து விடுவித்து, எதிர்ப்பக்க உயரத்துக்குத் தூக்கித் தைக்க வேண்டும். குழந்தை மூக்கைத் தொட்டால் வளர்ச்சி நின்றுவிடும் என்ற பயம் ஒரு காலத்தில் பலரைத் தடுத்தது. உதட்டறுவையோடு சேர்த்தே மூக்கைத் திருத்துவதுதான் இன்றைய வழக்கம்.

எங்கே தப்பும்

உதடு குட்டையாக நிற்பது முதல் குறை. முழுவதும் சுழற்றாமல் விட்டிருந்தால் அறுவை மேசையிலேயே தெரியும். மேசையில் மட்டமாக இருந்து ஆறாவது வாரத்தில் தூக்கினால் அது தழும்புச் சுருக்கம். இது பெரும்பாலும் மூன்று மாதம் வரை இறுகி, பிறகு தளர்ந்து ஓராண்டுக்குள் இறங்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் நாலாம் மாதமே மறுபடி வெட்டினால் நல்ல திசுதான் வீணாகும்.

சிவப்பின் நடுவில் பள்ளம் விழுவது தசையின் கீழ்நுனியைச் சேர்க்காததால். மூக்குத் துளை சுருங்குவது, நகர்த்தும் துண்டின் நுனியை மூக்கடியில் இறுக்கிச் செருகுவதால். துளையை அகலமாக விட்டால் பின்னர் சுருக்கிக்கொள்ளலாம், ஆனால் சுருங்கிய துளையை விரிப்பது மிகக் கடினம். தையல் பிரிவது அரிது. பிரிந்தால் இழுவிசை, தொற்று, விழுதல் என்ற மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். உடனே மறுபடி தைக்கக் கூடாது; வீக்கமும் தொற்றும் அடங்கி, திசு மென்மையான பிறகே தைக்க வேண்டும்.

மில்லார்டின் மூல முறைக்கு உள்ள நியாயமான குறை, மேல்பாதித் தழும்பு மூக்கடிப் பள்ளத்தின் மேல்பகுதியைக் குறுக்கே கடப்பது. 1987இல் மோலர் வெட்டைத் தூணுக்குள்ளேயே ஏற்றிக் கரைக்கோட்டை நேராக்கினார். 2005இல் ஃபிஷர், உதட்டின் உறுப்பு எல்லைகளை ஒட்டியே வெட்டி, குறைகிற உயரத்தை வெள்ளை வரம்புக்கு மேலே ஒரு சிறு முக்கோணத்தால் ஈடுகட்டும் முறையைத் தந்தார். ஃபிஷரிடம் டெனிசனின் அளவுகோலும் மில்லார்டின் பார்வையும் சேர்ந்திருக்கின்றன. புதிதாகக் கற்கிறவர் இன்று இதில் தொடங்குவதே நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது.

அறுவை முடிந்த அன்றே தாய்ப்பாலோ, பழகிய பாட்டிலோ கொடுக்கலாம். தையல் மேல் கட்டும் பொருக்கை உப்புநீரால் ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்பும் துடைத்து, களிம்பு தடவ வேண்டும். நைலான் தையலை 5 முதல் 7 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் ஏணிப்படித் தழும்பு விழும். அதற்குப் பிறகு டேப், மூன்று வாரம் கழித்து மசாஜ், மூக்குத் துளையில் சில மாதங்களுக்குச் சிலிக்கோன் தாங்கி. தாங்கியை அம்மாவே கழற்றிக் கழுவி மாட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

அன்னம், காது, பேச்சு

9 முதல் 12 மாதத்துக்குள், வார்த்தை பேசத் தொடங்குவதற்கு முன், அன்னத்தைத் தைக்க வேண்டும். இங்கும் அதே கதை: மெல்லன்னத்தைத் தூக்கும் தசை கடின அன்னத்தின் பின்விளிம்பில் தப்பாக ஒட்டியிருக்கும். அதை அறுத்துப் பின்னுக்குத் திருப்பி, குறுக்கே சேர்க்காமல் ஓட்டையை மட்டும் மூடினால் பால் ஒழுகாது, பேச்சு மட்டும் மூக்கிலேயே வரும். அந்தத் தசையே நடுக்காதுக் குழாயைத் திறக்கவும் உதவுவதால், அன்னப் பிளவுள்ள ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் காதுக்குள் நீர் கட்டும். அதே மயக்கத்தில் காதைப் பார்த்துத் தேவையானால் கிரோமெட் (செவிப்பறையில் பொருத்தும் சிறு குழாய்) வைத்துவிடலாம். வாயைத் திறந்து பிடிக்கும் கருவி நாக்கை அழுத்துவதால் நீண்ட அறுவையில் இடையில் தளர்த்திவிட வேண்டும். மறந்தால் நாக்கு வீங்கி, இரவில் மூச்சடைக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு வாயில் கரண்டி, முறுக்கு, பிஸ்கட் எதுவும் கூடாது.

மூன்று வயதில் பேச்சைச் சோதிக்கத் தமிழே நல்ல கருவி. 'பாப்பா', 'தாத்தா', 'காக்கா', 'பாட்டி', 'சட்டை' எல்லாம் வாய்க்குள் காற்றை அடைத்து விடவேண்டிய சொற்கள். மூக்கடியில் சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' சொல்லச் சொன்னால் கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்லவைக்க வேண்டும். ஒலி மாறினால் காற்று மூக்கில் கசிகிறது. 'மாமா', 'அம்மா' சுத்தமாக வந்து 'பாப்பா' மட்டும் 'மாம்மா' ஆகிறதா என்று கேட்க வேண்டும். 'காக்கா'வைத் தொண்டையில் வெட்டிப் பேசினால் அது பழக்கமாகிவிட்ட தப்பு உச்சரிப்பு; அதற்குப் பேச்சுப் பயிற்சிதான் மருந்து, கத்தி உதவாது. கசிவும் தப்பு உச்சரிப்பும் வேறு வேறு. இரண்டையும் குழப்பி அறுவைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள் உண்டு.

நிற்காத முடிவு

1980களில் மில்லார்ட், பல் சீரமைப்பு நிபுணர் ரால்ஃப் லாத்தமோடு சேர்ந்து இன்னும் முன்னே போக நினைத்தார். தர்க்கம் பழையதுதான்: ஈறும் இடம் மாறியிருக்கிறது, அதையும் இடத்துக்குக் கொண்டுவருவோம். சில வாரக் குழந்தையின் மேல்தாடையில் அக்ரிலிக் தட்டை ஊசிகளால் பொருத்தி, திருகைப் பெற்றோர் திருப்பத் திருப்ப ஈறுகள் நெருங்கும். பிறகு எலும்பை மூடியிருக்கும் எலும்புறையின் துண்டுகளால் ஈறு இடைவெளியை மூடி, உதட்டைத் தற்காலிகமாக ஒட்டவைத்து, முழு உதட்டறுவையைப் பின்னர் செய்வார்கள். எலும்பு அங்கேயே உருவாகும், பின்னாளில் இடுப்பெலும்பு எடுக்கத் தேவையிருக்காது என்பது எதிர்பார்ப்பு. மேசையில் பார்த்தபோது அழகாகவே இருந்தது. அகன்ற பிளவு கைக்கு அடக்கமாகிவிடும். உதட்டைத் தைப்பதும் எளிது.

அதே மயாமியில் பல் சீரமைப்பு நிபுணர் சாமுவேல் பெர்கோவிட்ஸ் இந்தப் பிள்ளைகளின் பல்வரிசைக்கு ஆண்டுதோறும் பிளாஸ்டர் அச்செடுத்து வைத்தார். பழைய, மிதமான முறையில் வளர்ந்த பிள்ளைகளின் அச்சுகளும் அவரிடம் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டு அவர் 1996இலும் 2004இலும் வெளியிட்ட முடிவு, திருகி இழுத்த குழுவில் மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழும் குறை அதிகம் என்பது. மேல்தாடை முன்னே வளரவில்லை. உதட்டில் திசுவை நகர்த்தினால் தழும்பு தோலில் விழும், அது நீண்டு கொடுக்கும். எலும்புறையைத் தூக்கி ஈறில் தழும்பு விட்டால், வளரவேண்டிய எலும்பையே அது கட்டிப்போடும். மில்லார்டின் தர்க்கம் இந்த இடத்தில்தான் உடைந்தது. கிரேசனின் தட்டு எலும்பில் குத்தாமல் மெதுவாக இழுப்பது என்றாலும், அதோடு சேர்த்து ஈறை மூடுவது பற்றி இன்றும் கருத்து ஒன்றாக இல்லை.

இந்த உண்மை வெளிவந்ததற்குக் காரணம் அலமாரியில் அடுக்கிவைத்த பிளாஸ்டர் அச்சுகள். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் வயதும் தேதியும் எழுதப்பட்டிருந்தால்தான் அவை பேசும். பிளவுப் பிள்ளைகளைப் பார்க்கும் எந்த மையமும் குறைந்தது இதைச் செய்ய வேண்டும்: உதட்டறுவைக்கு முன்பு, அன்ன அறுவைக்கு முன்பு, 5 வயதில், 10 வயதில் அச்சு, ஒவ்வொரு தடவையும் நேர், பக்கவாட்டு, மூக்கடி என்று ஒரே கோணத்தில் படம், 5 வயதில் பேச்சுப் பதிவு. பணமில்லை என்பது இங்கே காரணமாகாது, படமெடுக்கக் கைப்பேசியே போதும்.

பள்ளி வயதும் அதற்குப் பிறகும்

ஈறு எலும்புக்கு இன்றைய பொதுவழி, 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் முளைக்கும் முன், இடுப்பெலும்பின் உள்மச்சையை எடுத்து நிரப்புவது. இந்த நேரத்தை 1972இலேயே பாய்னும் சாண்ட்ஸும் காட்டினார்கள். கோரைப்பல்லின் வேர் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வளர்ந்திருப்பதை எக்ஸ்ரேயில் பார்த்து நாள் குறிக்க வேண்டும். பல் அந்தப் புது எலும்பு வழியாக இறங்கினால் எலும்பும் தங்கும். நேரத்தைத் தவறவிட்டு 15 வயதில் வைத்தால் எலும்பு கரையும் வாய்ப்பு அதிகம். சொத்தைப் பல்லை முதலில் சரிசெய்யாவிட்டால் ஒட்டு சீழ்பிடிக்கும், அதனால் பல் துலக்குவதைப் பார்க்காமல் தேதி கொடுக்கக் கூடாது.

மேல்தாடை பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தாடையை முன்னே நகர்த்தும் அறுவை, எலும்பு வளர்ச்சி நின்ற பிறகு. மூக்கின் இறுதித் திருத்தம் அதற்கும் பின்னால், 17-18 வயதில். தாடை நகர்ந்தால் மூக்கின் வடிவமும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது.

அந்த வயதில் கேள்வியைப் பெற்றோரிடம் கேட்கக் கூடாது. அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு, கையில் கண்ணாடியைக் கொடுத்து, எது உறுத்துகிறது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். சர்ஜனின் கண்ணுக்கு முதலில் படும் வெள்ளை வரம்புப் படியை அவர்கள் குறிப்பிடாமலே போகலாம், மூக்குத் துளையையோ பேச்சையோ காட்டலாம். 'போதும் டாக்டர், இனி வேண்டாம்' என்றும் சொல்லலாம். அதையும் கோப்பில் எழுதி, அன்றைய படத்தை எடுத்து, முதல் மாதப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.